சொல்லாமல் விட்ட சரக்கு

துப்பத்தான் நினைத்தான் சிகாமணி. சத்தியமாகத் துப்பத்தான் நினைத்தான். படிக்கத்தைக் கையில் எடுத்து, உதட்டைக் குவித்து, தலையையும் குனிந்தாகிவிட்டது. அதற்குள் இந்தப் பாழாய்ப்போன தொண்டை, முதலாளியைக் கேட்காமல் கேட்டைத் திறந்துவிடும் வாட்ச்மேன் மாதிரி, அத்தனையையும் உள்ளே விட்டுவிட்டது. இப்போது நெஞ்சுக்குள் ஒரு வெதுவெதுப்பு இறங்கிக்கொண்டிருக்கிறது. இறங்கட்டும், ஒரு வாய்தானே, ஒரு வாயில் என்ன முழுகிவிடப் போகிறது என்று அவனே அவனுக்குச் சொல்லிக்கொண்டான். சொன்ன கையோடு பயமும் வந்தது. இந்த வசனத்தை அவன் இதற்கு முன்னால் கேட்காதவனா? சொன்னவனும் அவன்தான், கேட்டு ஏமாந்தவனும் அவன்தான். அவசரமாகத் தண்ணீர் டம்ளரை எடுத்து ஒரு மடக்கு வாயில் விட்டுக் கொப்பளித்து, அதைப் படிக்கத்தில் துப்பினான். தண்ணீரோடு கொஞ்சம் சிவப்பும் விழுந்தது. பார்க்கிறவர்களுக்கு அது போதும். மேசைக்கு அந்தப் பக்கம் முதலாளி ஞானு அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பாதி ஆயுசை பாரீஸில் கழித்துவிட்டு, புதுச்சேரிக்குத் திரும்பி வந்து, பழைய பிரெஞ்சு வீடு ஒன்றை வாங்கி ஹோட்டலாக்கியவர். அவர் பக்கத்தில் பம்பாயிலிருந்து வந்திருக்கும் மிஸஸ் கபாடியா. ஒயின் இறக்குமதி செய்கிற அம்மாள். ஒயினை ருசி பார்க்கிறவர்கள் விழுங்கக் கூடாது, துப்பிவிட வேண்டும். அந்த அம்மாள் துப்புவதைப் பார்க்க வேண்டுமே! கோடு போட்டது மாதிரி மெல்லிசாக, ஒரு சொட்டு உதட்டில் நிற்காமல், சத்தமில்லாமல். உள்ளே போவதற்கு வழியே இல்லாத தொண்டை. சிகாமணிக்கு வயிறு எரிந்தது.

விஷயம் ஒன்றும் பெரியதில்லை. ஞானு ஊர் திரும்பும்போது பிரான்ஸில் கோர்னாஸ் என்ற இடத்திலிருந்து பழைய சிரா ஒயின் சில பெட்டிகள் கொண்டு வந்தார். சிரா என்பது திராட்சையின் பெயர், கறுப்புத் திராட்சை. அதை ஒயினாக்கிப் பல வருஷம் இருட்டில் படுக்கவைத்தால் முரட்டுத்தனமெல்லாம் போய் ஒரு பக்குவம் வரும். சீசனில் வருகிற பிரெஞ்சுக்காரர்கள் அதைக் குடித்துவிட்டு, இந்த ஊரில் இது எப்படி என்று ஞானுவின் கையைப் பிடித்துக் குலுக்குவார்கள். அந்தப் பெட்டிகள் காலியாகிக்கொண்டு வருகின்றன. திரும்ப வாங்கலாம் என்றால் அங்கே அது யானை விலை. அதனால் வேறு தேசத்தில் அதே திராட்சையில் செய்த பழைய ஒயின் ஏதாவது அதற்குப் பக்கத்தில் நிற்குமா என்று பார்க்க வேண்டும். மிஸஸ் கபாடியா நாலு பாட்டில் கொண்டு வந்து, கழுத்துவரை துண்டைச் சுற்றி நிறுத்தியிருக்கிறாள். ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா, சிலி, நம் நாசிக். எது எங்கே என்று அந்த அம்மாளுக்கு மட்டும்தான் தெரியும். நடுவில், துண்டு சுற்றாமல், மூல விக்கிரகம் மாதிரி கோர்னாஸ். சிகாமணி ஒவ்வொன்றாக முகர்ந்து, ருசித்து, எது அதற்குச் சமம் என்று சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் கடற்கரைக்குப் போகிற தெருவில் ஞானு தனியாக ஒரு ஒயின் அறை திறப்பார். அதற்குச் சாவியும் பொறுப்பும் சிகாமணிக்கு. “உன் மூக்கை நம்பித்தாம்பா நான் எறங்குறேன்,” என்று காலையில்கூடச் சொன்னார். ஊரில் வேறு யாருக்கு இந்தக் கொடுப்பினை? வேண்டாம் என்று சொல்ல வாய் வருமா? வரவில்லை. அதனால்தானே இப்போது இங்கே உட்கார்ந்திருக்கிறான்.

அறையும் அறை. சமையல்கட்டுக்குப் பின்னால், முன்காலத்தில் அரிசி மூட்டை அடுக்குகிற இடமாக இருந்தது. கடலோரத்தில் மண்ணுக்கடியில் அறை கட்டினால் தண்ணீர் ஊறும் என்பதால், ஞானு இதன் ஜன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்து, ஏ.சி. போட்டு, ஒயினுக்கென்று ஒதுக்கிவிட்டார். வெளிச்சம் ஆகாது, சூடு ஆகாது, ஆட்டம் ஆகாது. மனுஷனுக்கு என்ன ஆகும் என்று யாரும் கேட்கவில்லை. கதவைச் சாத்தினால் வெளியே மதியமா சாயங்காலமா என்று தெரியாது. ஏ.சி. மட்டும் ஊமைக்குரலில் முனகிக்கொண்டே இருக்கும். சிகாமணிக்கு இந்த அறையில் மூச்சு முட்ட ஆரம்பித்தது எப்போது? முன்பெல்லாம் இங்கே நுழைந்தால் கோவிலுக்குள் நுழைந்த மாதிரி இருக்கும். இந்த ஆடி மாசத்துக்கு அப்புறம்தான். இல்லை, ஆடியை நினைக்கக் கூடாது. வேலையைப் பார். கோர்னாஸ் கிளாஸை எடுத்தான். வெள்ளை மேசைத்துணிமேல் சாய்த்தான். நடுவில் அடர்ந்த சிவப்பு, ஓரத்துக்கு வர வர செங்கல் நிறம். வயசானதின் அடையாளம். மூக்கை உள்ளே விட்டான். வந்தது வாசனை. விருந்தாளிகளிடம் சொல்கிற வார்த்தைகள் வேறு, கறுப்பு ஆலிவ், தோல், வயலட் பூ என்று அடுக்குவான். மனசுக்குள் அவன் வைத்திருக்கிற பேர் வேறு. இது உப்புக்கண்டம். அடுப்புக்கு மேலே கொடியில் தொங்கிப் புகை ஏறின ஆட்டுக்கறி உப்புக்கண்டம். அதற்குப் பின்னால் இடித்த மிளகு. அதற்கும் பின்னால், ரொம்பத் தள்ளி, வாயைக் கறையாக்குகிற நாவற்பழம். கடைசியில் கிணற்று வாளியின் இரும்பு வாடை. எல்லாம் ஒன்றோடொன்று சண்டை போடாமல் உட்கார்ந்திருந்தன. என்ன ஒயின்டா இது! கண்ணில் தண்ணீர் வந்துவிடும் போலிருந்தது. இதையும் அந்த மார்க்கெட் பக்கத்து பாரில் பீங்கான் தட்டு ஊறுகாயோடு இறக்குகிற குவார்ட்டர் பிராந்தியையும் ஒரே பேர் சொல்லி அழைப்பது அநியாயம் என்றுதான் அன்றைக்கும் அவனுக்குத் தோன்றியது. அன்றைக்கு என்றால் அந்த ஆடி மாசம். பாருங்கள், நினைக்கக் கூடாது என்றால் அதுதான் முதல் ஆளாக வந்து நிற்கும்.

“ஒண்ணு எப்படிப்பா?” என்றார் ஞானு. “பாசம் இருக்கு, பொறுமை இல்ல, முசியே,” என்றான் சிகாமணி. முசியே என்பது ஹோட்டலில் எல்லாரும் அவருக்குக் கொடுக்கிற பிரெஞ்சு மரியாதை. அவர் சிரித்து, அவன் சொன்னதை மிஸஸ் கபாடியாவுக்கு இங்கிலீஷில் சொன்னார். அந்த அம்மாளும் சிரித்தாள். உண்மைதான், ஒன்றாம் கிளாஸில் பழம் தூக்கலாக இருந்தது, பனைவெல்லப் பாகு மாதிரி, மேலே ஒரு தைல வாடை, ஊட்டியிலிருந்து வாங்கி வருவார்களே அந்த யூகலிப்டஸ். ஆஸ்திரேலியாவாக இருக்க வேண்டும். வெயிலில் பழுத்த பழம். நல்ல ஒயின்தான், கோர்னாஸுக்குப் பக்கத்தில் நிற்காது. இதைச் சொல்வதற்கு முகர்ந்தது போதும், வாயில் வைத்திருக்கவே வேண்டாம். வைத்தான். வைத்ததைத் துப்பியிருக்கலாம். விழுங்கினான். “கடைசி ருசி முழுங்கினாத்தான் தெரியும்” என்று அவன் ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறான், பரிமாறுகிற பையன்கள் முதல் ஞானு வரைக்கும் அதை ஒரு வித்தை மாதிரி நம்புகிறார்கள். எதிரே உட்கார்ந்திருக்கிற அம்மாள் ஒரு சொட்டு விழுங்காமல் கடைசி ருசி வரைக்கும் சொல்கிறாளே, அது எப்படி? திருடனுக்கு ஆயிரம் சாக்கு. அவன் நாக்கு வளர்ந்ததே மிச்சத்தில்தான். ஓட்டலில் மேசை துடைக்க வந்த நாளில், விருந்தாளிகள் கிளாஸில் விட்டுப் போன ஒரு வாய், அரை வாய், எல்லாம் சமையல்கட்டுக்குப் போகிற இருட்டு நடையில் நின்று அவன் வாய்க்குப் போகும். எச்சில் என்று அருவருப்பு முதல் நாள் இருந்தது. பிறகு எந்த மேசையில் எது மிஞ்சும் என்று பார்த்துப் பரிமாறுகிற அளவுக்குத் தேறிவிட்டான். அப்படித்தான் எது நல்லது எது மட்டம் என்று நாக்கு பிரித்துக்கொண்டது. இன்றைக்கு அந்த நாக்கைத்தான் ஞானு தலையில் தூக்கி வைத்துக் கூத்தாடுகிறார். வேதா மட்டும் என்றைக்கும் அதைப் புகழ்ந்தது கிடையாது.

வேதவல்லி, அவன் பெண்டாட்டி. சத்தம் போடுகிற ஜாதி இல்லை. போட்டிருந்தால் தேவலை. முன்பெல்லாம் ராத்திரி கதவைத் திறந்ததும் ஒரே ஒரு வார்த்தை, “ஊது.” ரோட்டில் போலீஸ்காரன் வண்டியை மடக்கிக் கேட்பானே, அப்படி. இவன் ஊதுவான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சோறு போடுவாள். அவ்வளவுதான் குடும்பச் சண்டை. அப்புறம் ஒருநாள் மார்க்கெட் பக்கத்து பார் வாசலில், சாக்கடை ஓரத்தில் விழுந்து கிடந்தவனை அவளும் பக்கத்து வீட்டு ஆட்டோக்காரரும் தூக்கி வந்தார்கள். அவன் சட்டைப்பையில் ஹோட்டல் பேர் போட்ட பித்தளை வில்லை. விடிந்ததும் அவள் சொன்னாள், “கயிறு கட்டிக்க வர்றியா, இல்ல நான் எங்கம்மா வீட்டுக்குப் போவட்டுமா?” செஞ்சிப் பக்கம் ஒரு முனீஸ்வரன் கோவில். குடியை விடுகிறவர்கள் அங்கே போய், சாமிக்கு முன்னால் இனிமேல் தொடமாட்டேன் என்று வாக்குக் கொடுத்துக் கையில் கறுப்புக் கயிறு கட்டிக்கொள்வார்கள். கட்டிக்கொண்டு குடித்தால் ரத்தமாகக் கக்குவான் என்று ஊர் ஊராகக் கதை உண்டு. அந்த ஆடி மாசம் போனார்கள். ஆம்பளைகளெல்லாம் குளித்து ஈரத்துண்டோடு வரிசையில், பொம்பளைகள் பின்னால். அடேயப்பா, என்ன வரிசை! ரேஷன் கடை தோற்றது. பூசாரி ஒவ்வொருத்தனையும் நிறுத்தி, “என்னென்ன வுடுறேன்னு உன் வாயால சொல்லு. நீ சொன்னதுதான் கட்டுப்படும். சொல்லாததுக்கு முனி ஜவாப்தாரி இல்ல,” என்றார். சிகாமணிக்கு முன்னால் நின்ற கொத்தனார் எல்லாம் சொல்லிவிட்டு, தலையைச் சொறிந்துகொண்டு, “பீரு மட்டும் வுட்டுடுங்க சாமி, சூட்டு ஒடம்பு,” என்றான். கூட்டம் கொல்லென்று சிரித்தது. பூசாரி அவன் உச்சந்தலையில் வேப்பிலையால் ஒன்று போட்டு, “அதையும் சேத்துச் சொல்றா,” என்றார். சொன்னான். சிகாமணியும் எல்லாரோடும் சேர்ந்து சிரித்தான். சிரித்துக்கொண்டே கணக்குப் போட்டான். அவன் முறை வந்தது. பிராந்தி, விஸ்கி, ரம்மு, ஜின்னு, பீரு, சாராயம், கள்ளு. மளமளவென்று ஒப்பித்தான். “அவ்ளோதானா?” என்றார் பூசாரி. “அவ்ளோதான் சாமி,” என்றான். ஒயின் என்ற வார்த்தை நாக்கின் நுனியில் இருந்தது. அதை நாக்கின் நுனியிலேயே வைத்துக்கொண்டான். பிழைப்பு ஆயிற்றே! அதை விட்டால் சோற்றுக்கு எங்கே போவது? கேட்டிருந்தால் பூசாரி வேப்பிலையால் போட்டிருப்பார், அதனால் கேட்கவில்லை. அந்தக் கொத்தனார் யோக்கியன், கேட்டான். இவன் படித்தவன் மாதிரி நடந்துகொண்டான்.

அன்றைக்குச் சாயங்காலம் பஸ்ஸில், ஜன்னல் ஓரத்தில் வேதா. டிக்கெட் வாங்கி, சில்லறையை முந்தானையில் முடிந்துகொண்டு, “எல்லாத்தையும் சொல்லிட்டியா?” என்று கேட்டாள். “சொல்லிட்டேன்,” என்றான். அவள் தலையாட்டிவிட்டு வெளியே பார்த்தாள். கொஞ்ச நேரம் கழித்துக் கொய்யாப்பழத்தைப் பல்லால் கடித்துப் பாதியை அவனிடம் நீட்டினாள். இங்கேதான் வந்து வந்து மாட்டிக்கொள்கிறது அவன் மனசு. கேட்டாளா கேட்கவில்லையா? பின்னால் நின்ற பொம்பளைக் கூட்டத்தில் முதல் ஆளாக நின்றவள் அவள்தான், காது நன்றாகக் கேட்கும், அவன் என்ன வேலை பார்க்கிறான் என்று தெரியும், அவன் ஒப்பித்ததில் எது இல்லை என்று ஒரு குழந்தைக்குக்கூடத் தெரியும். தெரிந்துதான் “எல்லாத்தையும்” என்று அழுத்திக் கேட்டாளா? அழுத்தினாளா என்ன? பஸ் சத்தத்தில் எல்லாருமே அழுத்தித்தான் பேசுவார்கள். தெரிந்திருந்தால் பழத்தில் பாதி கொடுப்பாளா? தெரிந்திருந்தாலும் கொடுப்பாள், அவள் அப்படிப்பட்டவள். தெரியாமல் இருந்தால் பரவாயில்லையே என்றால், அதுவும் இல்லை, தெரியாமல் இருந்தால் இன்னும் மோசம். ஏனென்றால் அன்றிலிருந்து அவள் “ஊது” என்று சொல்வதை விட்டுவிட்டாள். கதவைத் திறக்கிறாள், சிரிக்கிறாள், மீன் குழம்பு வைக்கிறாள். அந்தக் கயிற்றை அப்படி நம்புகிறாள். ஒயின் வாடையோடு அவன் போன ராத்திரிகளில்கூட, “வேலை ஜாஸ்தியா?” என்று கேட்டுவிட்டு விசிறியைத் திருப்பி வைக்கிறாள். அந்தச் சிரிப்புக்கு முன்னால் நிற்கிறதுக்கு, பழையபடி வாசலில் நின்று ஊதிவிடலாம். அவனுக்கு அவமானமாக இருந்தது. இப்போது, இந்த அறையில், ஏ.சி. குளிரில், காது மடல் சுட்டது.

“ரெண்டு, சிகாமணி. ரெண்டுக்கு வா.” வந்தான். இரண்டாம் கிளாஸ் நாசிக்காகத்தான் இருக்கும் என்று நிறமே சொன்னது. யாரோ அதை எங்கேயோ மறந்து வைத்திருக்கிறார்கள், வயசு ஏறிவிட்டது, பக்குவம் ஏறவில்லை. காய்ந்த தக்காளி, வெந்தயம், மரப்பெட்டி வாடை. பாவம், நல்ல பிள்ளை, மூச்சு வாங்குகிறது. வாயில் ஊற்றினான். துப்பு. இந்த முறை துப்பிவிடு. கழுத்தைப் பிடித்து இறுக்கிக்கொண்டதைப் போல நினைத்துக்கொண்டு குனிந்தான். பாதி படிக்கத்தில் விழுந்தது. பாதிதான். மறுபாதி எப்போது போயிற்று என்று அவனுக்கே தெரியவில்லை. ஐயோ, இது என்ன உடம்பு! கை அவன் சொன்னால் தூக்குகிறது, கால் அவன் சொன்னால் நடக்கிறது, இந்த ஒரு சாண் தொண்டை மட்டும் யாருக்குப் பிறந்தது? முனிக்கு முன்னால் சொல்லாமல் விட்டது ஒரு சிறிய சந்து என்று நினைத்தான். அவசரத்துக்கு ஒதுங்கி நிற்க ஒரு சந்து. மற்ற கதவெல்லாம் சாத்தினதும், முன்பு நாலு வழியில் போனதெல்லாம் இந்த ஒரு சந்தில் வந்து நெரிந்தது. மார்க்கெட் பாருக்குப் போவதில்லை, நிஜம். கயிறு கட்டின கையால் பிராந்தியைத் தொட்டதில்லை, அதுவும் நிஜம். ஆனால் காலையில் வந்ததும் “பாட்டில் பரிசோதனை” என்று ஒன்று ஆரம்பித்தது. தக்கை கெட்டிருக்கிறதா என்று பார்க்க ஒரு வாய். பிறகு மதியம் ஒரு பரிசோதனை. பிறகு விருந்தாளி திறந்து பாதியில் விட்டுப் போன பாட்டில் புளித்துவிடக் கூடாதே என்று ஒன்று. புளிக்கட்டுமே! புளித்தால் இவன் வீட்டுக் கூரையா விழும்? நாளெல்லாம் இந்த ஜன்னலில்லாத அறையில் உட்கார்ந்து, உத்தியோகம் என்ற பேரில், ரத்தம் கக்காமல், சாமி குத்தம் இல்லாமல் குடிக்கிறான். பிராந்திக்காவது கடை சாத்துகிற நேரம் என்று ஒன்று இருந்தது. இப்போது தனி அறை வேறு திறக்கப் போகிறார்கள். சாவி அவன் இடுப்பில் இருக்கும். கடலைப் பார்த்த தெரு, குளிர்ந்த அறை, அடுக்கடுக்காகப் பாட்டில், கேட்க நாதியில்லை. வேதா அந்தச் செய்தியைக் கேட்டுப் பக்கத்து வீட்டுக்கெல்லாம் கேசரி கொடுத்தாள். அந்த அறைக்குள் போனால் அவன் திரும்பி வரமாட்டான். இது அவனுக்குத் தெரியும், சத்தியமாகத் தெரியும். இதில் ஜோசியம் பார்க்க ஒன்றுமில்லை.

மூன்றாவது கிளாஸை மூக்குக்குக் கொண்டு போனவன் அப்படியே நின்றான். எல்லா நினைப்பும் ஒரு கணம் அடங்கிப்போயிற்று. உப்புக்கண்டம். மிளகு. அந்த நாவற்பழம், அதே தூரத்தில். இரும்புக்குப் பதிலாக, மழை பெய்து ஓய்ந்த கருங்கல். கோர்னாஸை இன்னொரு தடவை முகர்ந்தான், மறுபடி இதை. தாய் வேறாக இருக்கலாம், தகப்பன் ஒருத்தன்தான். இது தென்னாப்பிரிக்கா, கருங்கல் மலையில் பாசனமில்லாமல் வளர்கிற பழைய கொடிகள் என்று எங்கேயோ படித்திருக்கிறான். உலகத்தின் இன்னொரு மூலையில் யாரோ ஒருத்தன் இதே புகையைப் பிடித்து பாட்டிலில் அடைத்திருக்கிறானே! சந்தோஷம் பொங்கியது. இந்தச் சந்தோஷம் குடிகாரச் சந்தோஷம் இல்லை, வேறு. இதை அவனிடமிருந்து யாரும் பிடுங்க முடியாது என்று நினைத்தான். ஆனால் இரண்டும் ஒரே வாய் வழியாகத்தானே போகிறது? எங்கே இது முடிந்து எங்கே அது ஆரம்பிக்கிறது என்று யாராவது கோடு போட்டுக் காட்டினால் தேவலை. வாயில் வைத்தான். துப்ப வேண்டும் என்ற நினைப்பே இந்தத் தடவை வரவில்லை. விழுங்கினான், மறுபடி ஊற்றிக்கொண்டான், விழுங்கினான். நாலாவதை, சிலியாகத்தான் இருக்கும், பச்சை மிளகும் கடல் உப்புமாக நல்ல துடுக்கான ஒயின், அதை ருசி பார்த்தானா குடித்தானா என்று கேட்டால் அவனால் சொல்ல முடியாது. தலைக்குள் ஒரு மெத்தை விரித்தாயிற்று. கண் தானாக மேசையில் சுற்றியது. எதைப் பார்க்கிறோம் என்று அவனுக்கே சற்றுப் பிந்தித்தான் தெரிந்தது. பாட்டில்களில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தான். மூன்றாவதில் பாதிக்கு மேல். கோர்னாஸில் கால் பாகம். இவர்கள் இரண்டு பேரும் எழுந்து போனதும் கதவைச் சாத்திக்கொண்டால் அத்தனையும் அவனுக்குத்தான். துண்டுக்குள் இருப்பதன் கனத்தைக்கூட அவன் கண்ணால் நிறுத்துவிட்டான். இது நாக்கின் வேலையில்லை. இருட்டு நடையில் நின்று பிறர் எச்சிலுக்குக் காத்திருந்தவனின் கண் இது. அந்தக் கண் இத்தனை வருஷமும் சாகவேயில்லை.

பொய் சொல்லிவிடலாம். தெரியவில்லை முசியே, சளி பிடித்திருக்கிறது, மூக்கு அடைத்திருக்கிறது, நாலும் சரியில்லை, எதுவும் ஒட்டவில்லை. அப்படிச் சொன்னால் தனி அறை தள்ளிப்போகும், சாவி தள்ளிப்போகும். ஒரு சீசன் தப்பிக்கலாம். ஞானு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு, “சொல்லுப்பா, எது?” என்றார். சிகாமணி வாயைத் திறந்தான். “மூணு,” என்றது வாய். “மூணு முசியே. சந்தேகமே இல்ல. தென்னாப்பிரிக்கா. ஒண்ணு ஆஸ்திரேலியா, ரெண்டு நம்ம நாசிக், நாலு சிலி.” பெருமை யாரை விட்டது! மிஸஸ் கபாடியா ஒவ்வொரு துண்டாக உருவினாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. அத்தனையும் சரி. அந்த அம்மாள் எழுந்து நின்று கை தட்டினாள். ஞானு மேசையைச் சுற்றி வந்து அவன் தோளை இரண்டு கையாலும் பிடித்து, பிரெஞ்சுக்காரர்கள் செய்கிற மாதிரி இந்தக் கன்னத்துக்கு ஒன்று அந்தக் கன்னத்துக்கு ஒன்று கொடுத்தார். “தை பொறந்ததும் அறையைத் தெறக்குறோம். காலையில சாவி, ராத்திரி சாவி, எல்லாம் நீதான். நான் எட்டிக்கூடப் பாக்க மாட்டேன்,” என்றார். நல்ல மனுஷன். அவர் மேல் கோபப்பட ஒரு காரணமும் கிடைக்கவில்லை. சிகாமணி சிரித்தான். சிரித்த வாயில் உப்புக்கண்ட வாசனை இருந்தது. ஓடிவிடலாம் என்றால் கதவு ஞானுவுக்குப் பின்னால்.

“இந்தா,” என்றார் ஞானு. கோர்னாஸ் பாட்டிலுக்குத் தக்கையை அழுத்தி, மூன்றாம் பாட்டிலையும் அதன்கூடச் சேர்த்து, இரண்டையும் கழுத்தோடு பிடித்து அவன் முன்னால் நீட்டினார். “இத வூட்டுக்கு எடுத்துனு போ. ரெண்டையும் வெச்சு வேதாவுக்கு ருசி காட்டு. அதுவும் தெரிஞ்சிக்கட்டும், புருஷன் எப்பேர்ப்பட்டவன்னு.” சிகாமணியின் கை நீண்டது. அவன் சொல்லி நீளவில்லை. கண்ணாடியின் குளிர்ச்சி விரலில் பட்ட அந்த இடத்தில், அதற்கு மேல் அவனால் முடியவில்லை. கையை இழுத்து அக்குளில் செருகிக்கொண்டான். “வேணாம் முசியே,” என்றான். “கூச்சப்படாத, எடுத்துக்க.” “வேணாம். நான் குடிகாரன், முசியே.” ஞானுவின் சிரிப்பு அப்படியே முகத்தில் நின்றது. அவருக்குத் தெரியும் போலிருந்தது. ரொம்ப நாளாகவே தெரியும் போலிருந்தது. மிஸஸ் கபாடியா ஒருவர் முகத்தை மாற்றி ஒருவர் முகத்தைப் பார்த்து, என்ன சொல்கிறார் என்று இங்கிலீஷில் கேட்டாள். “ஒன்றுமில்லை,” என்று ஞானு அவளிடம் இங்கிலீஷில் சொன்னார், “சந்தோஷத்தில் வார்த்தை வரவில்லையாம்.” சொல்லிவிட்டு, இவன் பக்கம் திரும்பாமலே, தணிந்த குரலில், “வெளியாளுக்கு முன்னால இன்னாப்பா இது. பிடி. அப்புறம் பேசிக்கலாம்,” என்றார். அப்புறம் என்பது வராது. வரவே வராது, அந்த அப்புறத்தில்தான் அவன் இத்தனை காலமும் குடித்தான். சிகாமணி அந்த அம்மாளைப் பார்த்துத் திரும்பினான். ஹோட்டலில் கற்றுக்கொண்ட இங்கிலீஷ், மேசையில் பரிமாறுகிற இங்கிலீஷ், அதில்தான் சொல்ல வந்தது. “ஐ ஆம் எ ட்ரங்கர்ட், மேடம். டுடே ஆல்சோ ஐ டிட் நாட் ஸ்பிட். ஐ ஸ்வாலோட். ப்ளீஸ், டோன்ட் கிவ் மீ தி கீ.” மிஸஸ் கபாடியா படிக்கத்தை எட்டிப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள். நீட்டியிருந்த இரண்டு பாட்டிலும் ஞானுவின் கையோடு மெல்லக் கீழே இறங்கின.